பழைய மருந்துத் துப்பாக்கி வாங்கலாமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: அந்தியூர் பக்கம் மலையடிவாரத்தில் எங்களுக்குத் தோட்டம் இருக்கிறது. மக்காச்சோளம் போட்டாலும் குச்சிக்கிழங்கு போட்டாலும் காட்டுப்பன்றி விடுவதில்லை. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் லைசென்ஸ் வாங்கி ஒரு துப்பாக்கி வைத்திருந்தார். குழல் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் பழைய மாடல். போன வருஷம் அவர் தவறிவிட்டார். அவர் மகன், "லைசென்ஸோட சேத்தியே குடுத்தர்றனுங்க, பேர் அப்புறம் மாத்திக்கலாம்" என்று சொல்லி அட்வான்ஸ் கேட்கிறார். எனக்குத் துப்பாக்கிப் பழக்கமே கிடையாது. வாங்கலாமுங்களா?

பதில்: அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். அந்தத் துப்பாக்கியைத் தூக்கிப் பார்க்கக்கூட இப்போதைக்குப் போக வேண்டாம்.

பழைய பைக் வாங்கினால் ஆர்.சி.யில் பேர் மாற்றிக்கொள்கிறோம் அல்லவா, அந்த வழக்கத்தை நினைத்துத்தான் அவர் பேசுகிறார். துப்பாக்கி லைசென்ஸ் அப்படி வண்டியோடு கூட வருவதல்ல. அது ஆளுக்குக் கொடுப்பது. பெரியவர் காலமானதும் அவருடைய லைசென்ஸும் முடிந்துவிட்டது. 1959-ஆம் வருட ஆயுதச் சட்டத்தின் 21-வது பிரிவுப்படி, அந்த வீட்டார் தாமதிக்காமல் துப்பாக்கியைப் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனிலோ, லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையிலோ ஒப்படைத்திருக்க வேண்டும். ஒரு வருஷமாக வீட்டிலேயே வைத்திருந்தால் அவர் மகனே இன்றைக்குச் சிக்கலில்தான் இருக்கிறார். கெட்ட எண்ணத்தில் செய்திருக்க மாட்டார், விவரம் தெரியாமல்தான் இருந்திருப்பார். ஆனால் பணம் கைமாறி, துப்பாக்கி உங்கள் சாளை வீட்டுக்கு வந்துவிட்டால் அந்தச் சிக்கல் உங்களுடையதாகிவிடும். லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் குறைந்தது 2 வருஷம், அதிகபட்சம் 5 வருஷம் சிறை. 2019-இல் சட்டத்தைத் திருத்தித் தண்டனையை இப்படிக் கூட்டியிருக்கிறார்கள்.

அவருக்கு நல்லது செய்ய நினைத்தால் இதைச் சொல்லுங்கள்: முதலில் ஒப்படைத்து ரசீது வாங்கட்டும். ஒப்படைத்ததால் பொருள் கையை விட்டுப் போய்விடாது. சட்டப்படி வாங்கத் தகுதி உள்ள ஒருவருக்கு அதை விற்கும் உரிமை வாரிசுக்கு உண்டு. அவரே வைத்துக்கொள்ள விரும்பினால் 2016-ஆம் வருட ஆயுத விதிகளில் வாரிசுக்கு லைசென்ஸ் கொடுக்கத் தனி வழி இருக்கிறது.

இனி உங்கள் பக்கம். 21 வயது நிரம்பியவர் பயிர்ப் பாதுகாப்புக்கென்று மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு விண்ணப்பிக்கலாம். சட்டத்தின் 13-வது பிரிவு இந்தக் காரணத்தைப் பேர் சொல்லியே குறிப்பிடுகிறது. விண்ணப்பம் ஈரோடு கலெக்டர் ஆபீசுக்குப் போகும், போலீஸ் விசாரணை நடக்கும். ஆனால் உங்கள் ஊரை வைத்துப் பார்த்தால் நடுவில் இன்னொரு பெரிய கதவு இருக்கிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 34-வது பிரிவுப்படி, சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் புதுத் துப்பாக்கி லைசென்ஸ் கொடுக்க வேண்டுமானால் தலைமை வன உயிரினக் காப்பாளர் முன்கூட்டியே சம்மதிக்க வேண்டும். பர்கூர் மலையில் 2024-இல் தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. அந்தியூர் அடிவாரத் தோட்டங்களில் பலவும் அந்த எல்லைக்குள் வந்துவிடும். உங்கள் சர்வே நம்பரைச் சொல்லி வனச்சரக அலுவலகத்தில் முதலில் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இதற்குப் பதில் தெரியாமல் துப்பாக்கிக்கு விலை பேசுவதில் அர்த்தமில்லை.

எல்லாம் கூடி வந்து லைசென்ஸே கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அது துப்பாக்கி வைத்திருக்கத்தான் அனுமதி. பன்றியைச் சுட அனுமதி வேறு. காட்டுப்பன்றி இன்னமும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கிற விலங்குதான். காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளைச் சுடலாம் என்று 2025-இல் தமிழக அரசு முடிவெடுத்தபோதும், அந்த வேலையை வனத்துறையிடம்தான் கொடுத்தது. விவசாயி தானே சுட்டால் வேட்டை வழக்கு வரும். ராத்திரி ராத்திரியாகக் காவல் இருந்தும் வெள்ளாமை போகிறபோது வரும் வயிற்றெரிச்சல் எனக்கும் புரிகிறது. அதனால்தான் நேராகச் சொல்கிறேன்: துப்பாக்கிக்கு எடுத்து வைத்த பணத்தைச் சோலார் வேலிக்குப் போடுங்கள். வேளாண் பொறியியல் துறையில் மானியம் இருக்கிறதா என்று கேளுங்கள், வேலி போடும் முன் வனத்துறையில் பதிவு செய்யுங்கள். சேதமான பயிருக்கு வனத்துறையில் இழப்பீடு கேட்டு மனு கொடுக்கவும் மறக்காதீர்கள். வீட்டு லைனில் இருந்து நேராகக் கரண்ட் இழுப்பதும் அவுட்டுக்காய் (தீனிக்குள் மறைக்கும் வெடி) வைப்பதும் வேண்டவே வேண்டாம். பன்றிக்கு வைத்ததில் யானை வாய் கிழிந்து, நாள் கணக்கில் தின்ன முடியாமல் சாகிற கொடுமை நம் பக்கத்துக் காடுகளில்தான் நடக்கிறது.

கேள்வி: இராசிபுரத்துக்காரன். பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டது. ஆயுதக் கடையில் பழைய எஸ்.பி.எம்.எல். இரண்டு காட்டினார்கள். ஒன்று புதுசு போலப் பளபளவென்று இருக்கிறது, விலை கூடுதல். இன்னொன்று மங்கிப்போய், கட்டையெல்லாம் கீறல். இதுதான் எனக்கு முதல் துப்பாக்கி. எதைப் பார்த்து எடுப்பது?

பதில்: முறையாக லைசென்ஸ் வாங்கி, முறையான கடைக்குப் போயிருக்கிறீர்கள். அதிலேயே பாதி வேலை முடிந்தது. படிப்பவர்களுக்காக ஒரு விளக்கம்: எஸ்.பி.எம்.எல். என்றால் ஒற்றைக் குழல், வாய் வழியாக மருந்து கெட்டிப்பது. லைசென்ஸிலும் இப்படித்தான் எழுதுவார்கள். இதைப் பலர் ரைஃபிள் என்று சொல்கிறார்கள். ரைஃபிள் குழலுக்குள் முறுக்கு வரி ஓடும். நம் பக்கத்துப் பயிர்க்காவல் துப்பாக்கியின் குழல் உள்ளே வழவழப்பாகத்தான் இருக்கும். உங்கள் லைசென்ஸில் எழுதியிருக்கும் வகையும் கடையில் காட்டும் வகையும் ஒன்றுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பளபளப்பை வைத்து முடிவெடுக்காதீர்கள். வெளியே புதிதாகப் பாலிஷ் போட்டிருந்தால் எதை மறைக்கப் போட்டார்கள் என்று நான் முதலில் சந்தேகப்படுவேன். இந்தத் துப்பாக்கியின் ஆயுள் குழலின் உள்பக்கத்தில் இருக்கிறது. அங்கே பாலிஷ் போய்ச் சேராது.

எதைத் தொடும் முன்பும் உள்ளே மருந்து இருக்கிறதா என்று பாருங்கள். வருஷக்கணக்கில் சுவரில் தொங்கிய துப்பாக்கிக்குள் பழைய மருந்தும் ரவையும் கெட்டித்தபடியே இருப்பது உண்டு. பின்பக்கம் திறந்து பார்க்கிற வசதி இதில் இல்லாததால் வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. குழல் வாய்க்கு நேராக முகமோ கையோ வராமல் ஒதுங்கி நின்று, கெட்டிக்கும் கம்பியை அடி வரைக்கும் விடச் சொல்லுங்கள். வாய் மட்டத்தில் கம்பியில் விரலால் பிடித்துக்கொண்டு வெளியே எடுத்து, குழலின் பக்கவாட்டில் அதே அளவுக்கு வைத்துப் பாருங்கள். கம்பி நுனி, நிப்பிள் (மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடியான கேப்பைப் பொருத்தும் குமிழ்) இருக்கும் இடம் வரை வந்தால் காலி. இரண்டு விரற்கடை முன்னாலேயே நின்றுவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது. அதை எடுப்பது கடைக்காரரின் ஆள் பாடு, நீங்கள் தள்ளி நில்லுங்கள்.

காலி என்று உறுதியான பிறகு, கம்பி நுனியில் வெள்ளைத் துணி சுற்றி உள்ளே விட்டு இழுங்கள். லேசான பழுப்பு வந்தால் பரவாயில்லை. செக்கச்செவேல் என்று துரு வந்தாலோ, இழுக்கும்போது துணி ஓரிடத்தில் பிடித்துக் கிழிந்தாலோ உள்ளே குழி விழுந்திருக்கிறது. கருமருந்து எரிந்து மிஞ்சும் சாம்பல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் துரு பெரும்பாலும் குழலின் அடியில், மருந்து வெடிக்கிற இடத்தில் ஆரம்பிக்கிறது. அழுத்தம் மிக அதிகமாக வருகிற இடமும் அதுதான். வாய்ப்பக்கம் கொஞ்சம் துரு இருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். அடியில் குழி இருந்தால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு, குழலின் வெளிப்பக்கத்தை அடியில் இருந்து நுனி வரை விரலால் தடவுங்கள். எங்காவது மோதிரம் போலச் சுற்றிலும் புடைப்பு தட்டுப்பட்டால் அந்தக் குழல் ஒருமுறை உள்ளே வீங்கியிருக்கிறது. மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே இடைவெளி விட்டுக் கெட்டித்துச் சுட்டால் இப்படி ஆகும். அடுத்தமுறை அதே இடத்தில் கிழியலாம். இதற்கு ரிப்பேர் கிடையாது.

நிப்பிளைச் சுற்றி மரை தேய்ந்திருந்தாலோ, அதன் ஓட்டை அகன்றிருந்தாலோ சுடும்போது நெருப்பு பின்னால் கண்ணுக்கு நேராக வரும். நிப்பிளை மட்டும் மாற்றித் தர முடியுமா என்று கேளுங்கள், அது பெரிய வேலை இல்லை. மேலே அடிக்கும் சுத்தியைப் பாதி இழுத்து நிறுத்தி விசையை அழுத்துங்கள். விழக்கூடாது. முழுக்க இழுத்து நிறுத்திக் கட்டை விரலால் முன்னுக்குத் தள்ளுங்கள். அப்போதும் விழக்கூடாது. விழுந்தால் தோளில் மாட்டிக்கொண்டு வரப்பில் நடக்கும்போதே வெடிக்கிற துப்பாக்கி அது. கட்டையில் கீறல் இருக்கட்டும், கைப்பிடி மெலிந்து வரும் இடத்தில் விரிசல் மட்டும் இருக்கக்கூடாது.

இவ்வளவிலும் மங்கலான துப்பாக்கி தேறிவிட்டால் அதையே எடுங்கள்.

எண் விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். உலோகத்தில் வெட்டிய எண்ணும் பில்லில் எழுதும் எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ராவி அழித்த தடமோ, எண் இருக்கும் இடத்தில் மட்டும் புதுப் பாலிஷோ தெரிந்தால் வெளியே வந்துவிடுங்கள். எண் அழிந்த துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ, அவரே அழித்தார் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்கிற பொறுப்பும் அவர் தலையில்தான். வாங்கியதும் லைசென்ஸில் பதிவு செய்துவிடுங்கள். கடையில் பில்லோடு வாங்கினால், குறையை மறைத்து விற்றார்கள் என்று பிறகு தெரியவந்தாலும் 2 வருஷத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். தனி ஆளிடம் வாங்கினால் அந்த வழி இருக்காது. அதோடு தனி ஆள் விற்பதானால், யாருக்கு விற்கிறார் என்று கலெக்டருக்கோ ஸ்டேஷனுக்கோ எழுதிக் கொடுத்து 45 நாள் காத்திருக்கவும் வேண்டும். முதல் துப்பாக்கியைக் கடையில் வாங்குவதே மேல் என்று நான் சொல்ல இதுதான் காரணம்.

மருந்தும் கேப்பும் லைசென்ஸில் உள்ள அளவுக்குள் கடையில்தான் வாங்க வேண்டும். 12 போர் துப்பாக்கியின் தோட்டாவைப் பிரித்து அதன் மருந்தை இதில் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது புகையில்லா மருந்து, அதன் அழுத்தத்தை இந்தக் குழல் தாங்காமல் வெடித்துவிடும். பட்டாசு மருந்தும் குவாரி மருந்தும் அப்படித்தான். கேப் அடித்தும் மருந்து பற்றவில்லை என்றால், துப்பாக்கியை ஆள் இல்லாத பக்கம் நீட்டியபடியே ஒரு நிமிஷம் அசையாமல் நில்லுங்கள். தாமதித்துப் பற்றுவது உண்டு. சுட்ட அன்றைக்கே சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, எண்ணெய் விட்டு வையுங்கள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்களின் துப்பாக்கிகள்தான் குழி விழுந்து கடைக்கு வருகின்றன.

லைசென்ஸ் 5 வருஷத்துக்குச் செல்லும். தேர்தல் வந்து ஒப்படைக்கச் சொன்னால் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள்.

கேள்வி: காங்கேயத்தில் மயில் தொல்லை தாங்கவில்லை. ஏர்கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்கிறார்கள். பழையது ஒன்று வாங்கி விரட்டலாமா?

பதில்: 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் உள்ள ஏர்கன்னுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்பது சரி. அது இலக்குப் பயிற்சிக்கு. மயில், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிற பறவை. அதன் மேல் சுட்டால் ஜெயில்தான். சின்ன ரவைதானே, காயம்தானே படும் என்ற வாதம் எடுபடாது. விதைக்கிற சமயத்தில் வலை கட்டுங்கள், ஆள் விட்டு விரட்டுங்கள்.

கேள்வி: தாராபுரத்தில் தாத்தா காலத்துத் துப்பாக்கி ஒன்று பரணில் கிடைத்தது. பேப்பர் எதுவும் இல்லை. துருப்பிடித்து வேலை செய்யாது. சுவரில் அழகுக்கு மாட்டலாமா?

பதில்: ரிப்பேர் செய்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்கு ஆயுதச் சட்டத்தின் 45-வது பிரிவு விலக்குத் தருகிறது. ஆனால் ரிப்பேர் செய்தால் சுடுமா சுடாதா என்று நீங்களோ நானோ முடிவு செய்ய முடியாது. அதை இறக்காமல், தேய்க்காமல், பரணில் இருக்கிற நிலையிலேயே விட்டுவிட்டு ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லுங்கள். நீங்களாகச் சொல்வது எழுத்தில் பதிவாகட்டும். அவர்கள் பார்த்து விலக்குக்கு உட்பட்டது என்று எழுதிக் கொடுத்தால் சுவரில் மாட்டுங்கள். உள்ளே மருந்து கெட்டித்திருக்கலாம் என்பதையும் அவர்களிடம் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.