ஹீட்டர் வால்வு: கேட்டவர்களுக்குப் பதில்கள்

காரின் ஹீட்டர் கன்ட்ரோல் வால்வு பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கேள்வி: ஏசி கேஸ் சரியாக இருக்கிறது என்கிறார் மெக்கானிக். ஆனாலும் காற்று வெதுவெதுப்பாகவே வருகிறது. ஹீட்டர் வால்வு காரணமாக இருக்குமா?

இருக்கலாம், பலர் கடைசியில்தான் அதைப் பார்க்கிறார்கள். என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட், அங்கே சூடேறி, டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் கோர் என்ற சின்ன ரேடியேட்டருக்குள் போய்த் திரும்புகிறது. அந்த வழியைத் திறந்து மூடுவதுதான் வால்வின் வேலை. அது சரியாக மூடாவிட்டால், ஏசி குளிரவைத்த காற்றை ஹீட்டர் கோர் மறுபடி சூடாக்கிவிடும்.

காசு செலவழிக்கும் முன் கையால் ஒரு சோதனை செய்யுங்கள். டேஷ்போர்டில் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் குமிழைக் குளிர் பக்கம் முழுக்கத் திருப்பி வைத்து, என்ஜின் நன்றாகச் சூடாகும் வரை ஓடவிடுங்கள். பிறகு அணைத்துவிட்டு, வால்வுக்கு முன்னும் பின்னும் உள்ள ஹோஸ்களை ஒரு நொடி மட்டும் தொட்டுப் பாருங்கள். உள்ளே கூலன்ட் 90 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும், அழுத்திப் பிடிக்க வேண்டாம். வால்வு வரை சுட்டு, அதற்கு அப்பால் ஆறியிருந்தால் வால்வு மூடுகிறது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சுட்டால் மூடவில்லை. ஃபேன் பக்கம் கை போகக் கூடாது. சில கார்களில் என்ஜினை அணைத்த பிறகும் அது சுற்றும்.

கேள்வி: பானெட்டைத் திறந்து தேடிவிட்டேன். என் காரில் வால்வையே காணோம்.

இல்லாமலே இருக்கலாம். பல கார்களில் கூலன்ட் எப்போதும் ஹீட்டர் கோர் வழியாக ஓடிக்கொண்டே இருக்கும். உள்ளே பிளெண்ட் டோர் என்ற சின்னக் கதவு காற்றைத் திருப்பிவிடும். குமிழைத் திருப்பும்போது டேஷ்போர்டுக்குள் 'டக் டக்' என்று சத்தம் வந்தால், அந்தக் கதவை ஆட்டும் மோட்டாரின் பல்சக்கரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: கேபிள் வகை வால்வு. குமிழ் இறுகிப்போய் நகர மறுக்கிறது. பலமாகத் திருப்பலாமா?

வேண்டவே வேண்டாம். வால்வு முனையில் கேபிளைக் கழற்றிவிட்டு, வால்வின் கைப்பிடியை விரலால் நகர்த்திப் பாருங்கள். அது சுலபமாக ஆடினால் குறை கேபிளில். ஆடவில்லை என்றால் வால்வுக்குள் படிவு கட்டியிருக்கிறது, மாற்றிவிடுவதே நல்லது. ஹீட்டர் தேவைப்படாத மாதங்களிலும் அவ்வப்போது குமிழை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்பி வைத்தால் இறுகாது.

கேள்வி: வேக்கம் வகை, அதாவது காற்றை உறிஞ்சும் இழுப்பால் இயங்கும் வால்வு. குளிரில் வைத்தாலும் சூடுதான் வருகிறது.

முதலில் வால்வுக்கு வரும் மெல்லிய ரப்பர் குழாயைப் பாருங்கள். இந்த வகையில் பல வால்வுகள் வேக்கம் கிடைத்தால்தான் மூடும். குழாயில் கீறல் விழுந்தாலோ கழன்றாலோ திறந்தபடியே நிற்கும். கைப்பம்பு வைத்து வேக்கம் கொடுத்தால் தண்டு நகர வேண்டும், நகர்ந்த இடத்தில் நிற்கவும் வேண்டும். வாயால் உறிஞ்சிப் பார்க்காதீர்கள், கூலன்ட் விஷம். மின்சார வால்வு என்றால் முதலில் ஃபியூஸையும் கனெக்டரையும் பாருங்கள். கனெக்டருக்குள் பச்சைப் பூஞ்சை போலப் படிந்திருந்தால் கூலன்ட் கசிந்து உள்ளே போயிருக்கலாம்.

கேள்வி: வால்வை நானே மாற்றலாமா?

மாற்றலாம். பல கார்களில் கஷ்டமே ஹோஸைக் கழற்றுவதுதான். நான் முதல்முறை செய்தபோது ஒட்டிப்போன ஹோஸைத் திருகி இழுத்தேன். ஹீட்டர் கோரின் குழாய் வளைந்து, அடியில் கசிய ஆரம்பித்தது. அப்புறம் டேஷ்போர்டையே கழற்ற வேண்டியதாயிற்று. அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: ஹோஸ் வரவில்லையா, இழுக்காதீர்கள். பிளேடால் நீளவாக்கில், கீழே குழாயில் கீறல் விழாமல் வகுந்து உரித்து எடுங்கள். புது ஹோஸ் போட்டுக்கொள்ளலாம்.

என்ஜின் முழுதாக ஆறிய பிறகே ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டும். கழற்றும் முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு வாய் (ஹோஸ் மாட்டும் முனை) உள்ள வால்வில் ஹோஸ்கள் மாறிப்போவது சகஜம். புது வால்வில் அம்புக்குறி இருந்தால் கூலன்ட் ஓடும் திசையில் வையுங்கள். பிளாஸ்டிக் வாய் என்றால் கிளாம்பை அளவாக இறுக்குங்கள், கூடினால் விரிசல் விடும். பழைய பிளாஸ்டிக் வால்வைக் கழற்றும்போது அதன் வாய் பிஸ்கட் மாதிரி உதிரும். அந்தத் துண்டு ஹோஸுக்குள் தங்காமல் எடுத்துவிடுங்கள்.

கூலன்டை நிறம் பார்த்து வாங்காதீர்கள், நிறத்துக்குப் பொது விதி கிடையாது. வண்டியின் கையேடு சொல்லும் வகையையே ஊற்றுங்கள். அடர் கூலன்ட் என்றால் பெரும்பாலும் பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டர் கலக்க வேண்டும்.

கேள்வி: மாற்றிய பிறகு டேஷ்போர்டுக்குள் தண்ணீர் சலசலக்கிறது, சூடும் வரவில்லை.

காற்று அடைத்திருக்கிறது. என்ஜின் ஆறியதும் கூலன்ட் அளவைப் பாருங்கள், குறைந்திருந்தால் ஊற்றுங்கள். வண்டியின் முன்பக்கம் சற்று உயர்ந்து நிற்கட்டும். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஓடவிட்டு, கையேட்டில் சொன்னபடி காற்றை வெளியேற்றுங்கள். சூட்டு முள் ஏறினால் உடனே அணைத்துவிடுங்கள்.

கேள்வி: வால்வு கசிகிறது, புதியது கிடைக்க நாளாகும். அதுவரை?

இரண்டு வாய் வால்வு என்றால் அதை எடுத்துவிட்டு, அதே அளவு இணைப்புக் குழாயால் ஹோஸைச் சேர்த்துவிடலாம். ஹீட்டர் எப்போதும் சூடாக இருக்கும், அவ்வளவுதான். ஹோஸை ஒரேயடியாக அடைத்துவிடாதீர்கள்; சில என்ஜின்களில் கூலன்ட் சுற்றிவருவதற்கே அந்த வழி தேவை.

கேள்வி: காருக்குள் இனிப்பு வாடை, கண்ணாடியில் பிசுபிசுப்பான ஆவி.

வால்வு பானெட்டுக்குள் இருக்கிற கார் என்றால் பெரும்பாலும் இது ஹீட்டர் கோரின் கசிவு. முன் இருக்கையின் கால்மிதியைத் தூக்கி, அடியில் ஈரம் இருக்கிறதா பாருங்கள். சிந்திய கூலன்டை உடனே துடைத்துவிடுங்கள். அதிலுள்ள எத்திலீன் கிளைகால் இனிப்பாக இருப்பதால் நாய் நக்கிவிடும், பூனையும் நக்கலாம்; கொஞ்சம் போனாலே உயிருக்கு ஆபத்து. குழந்தைகளுக்கும் அப்படித்தான். வடித்த கூலன்டை மூடியுள்ள கேனில் ஊற்றி, எட்டாத இடத்தில் வையுங்கள்.