கட்டிக்கு எந்த மாத்திரை? கேள்வி பதில்

(பதில் சொல்பவர்: நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் பணியாற்றும் மருத்துவர்)

பெரம்பூர்: டாக்டர், கத்திரி வெயில் வந்தாலே பையனுக்குத் தொடையில் கட்டி. போன வருஷம் மெடிக்கலில் வாங்கிய அமாக்சிசிலின் கேட்டது. இப்போது ஏன் கேட்கவில்லை?

போன வருஷமும் மாத்திரை கேட்டிருக்காது, கட்டி தானாக உடைந்து ஆறியிருக்கும். சீழ்க்கட்டிக்குப் பெரும்பாலும் காரணம் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாக் கிருமி. பென்சிலினைச் சிதைக்கும் நொதியை 1940களிலேயே அது கையில் வைத்திருந்தது. அமாக்சிசிலினும் அதே குடும்பம்தான். அந்த நொதிக்கு மசியாத மெத்திசிலின் 1959இல் வந்தது. 1961இலேயே அதற்கும் அடங்காத ஸ்டெஃபைலோகாக்கஸ் ரகம், எம்.ஆர்.எஸ்.ஏ., இங்கிலாந்தில் பிடிபட்டது. மருந்து போய் ஒட்ட வேண்டிய புரதத்துக்குப் பதிலாக வேறொன்றை வைத்துச் சமாளிக்கும் கிருமி அது. அதனிடம் செஃபாலெக்சின் என்ற ஆன்டிபயாடிக்கும் பலிக்காது. சீழ் கோத்துவிட்டால் டாக்டரிடம் போய்க் கீறி எடுப்பதுதான் முதல் வைத்தியம். வீட்டில் ஊசியால் குத்தாதீர்கள்.

வேளச்சேரி: சீழைச் சோதிக்கும் கல்ச்சர் ரிப்போர்ட் வர மூன்று நாள் ஆகிறதே, அவசியமா?

சின்னக் கொப்புளத்துக்கு வேண்டாம். திரும்பத் திரும்ப வந்தாலோ, காய்ச்சல், சர்க்கரை இருந்தாலோ கல்ச்சர் எடுத்துவிடுங்கள். சீழிலிருந்து வளர்த்த கிருமியைத் தட்டில் பரப்பி, மருந்து தோய்ந்த வட்டக் காகிதங்களை வைப்போம். மறுநாள் எதைச் சுற்றிக் கிருமி வளரவில்லையோ அந்த மருந்து கேட்கும். கிளிண்டாமைசின் என்ற மருந்தில் மட்டும் ஒரு கள்ளத்தனம் உண்டு. அதைச் சுற்றி நன்றாகவே தெளிந்திருக்கும். பக்கத்தில் எரித்ரோமைசின் காகிதம் இருந்தால் அந்தப் பக்கம் வட்டம் தட்டையாகி ஆங்கில ‘டி’ போலத் தெரியும். அப்படித் தெரிந்தால் கிளிண்டாமைசின் பாதியில் பலிக்காமல் போகலாம். இதைப் பார்க்காமல் ‘கேட்கும்’ என்று எழுதித் தரும் லேபைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்.

குரோம்பேட்டை: படர்தாமரைக்குக் கடையில் தந்த களிம்பில் ஆன்டிபயாடிக்கும் இருக்கிறது. போடலாமா?

படர்தாமரை பூஞ்சை. ஆன்டிபயாடிக்குக்கு அங்கே வேலையே இல்லை. கூடவே ஸ்டீராய்டும் இருக்கும், பாருங்கள். நிறுத்திவிட்டுத் தோல் டாக்டரைப் பாருங்கள்.

அண்ணா நகர்: சீட்டில்லாமல் கொடுக்கிறார்களே, சட்டம் இல்லையா?

இருக்கிறது. 2012இல் நம் ஊரில்தான் மருத்துவச் சங்கங்கள் கூடி, கிருமிகள் மருந்துக்கு அடங்காமல் போவதைத் தடுக்க ‘சென்னைப் பிரகடனம்’ வெளியிட்டன. 2014இல் எச்1 என்ற மருந்துப் பட்டியல் அமலுக்கு வந்தது. அதிலுள்ள ஆன்டிபயாடிக்குகளை விற்றால் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும். எழுதுகிறார்களா என்பது உங்கள் தெருக் கடையைப் பார்த்தாலே தெரியும்.

திருவொற்றியூர்: வீட்டில் ஒருவர் மாற்றி ஒருவருக்குக் கட்டி வருகிறது, டாக்டர்.

பத்தில் மூன்று பேர் மூக்கில் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் சும்மா குடியிருக்கும். துண்டு, ரேசர் ஆளுக்கொன்று இருக்கட்டும். துண்டை வெந்நீரில் அலசி வெயிலில் போடுங்கள். மூக்கில் தடவும் மூபிரோசின் களிம்பு டாக்டர் சொன்னால் மட்டும், அதுவும் பெரும்பாலும் 5 நாள்தான். மிச்சத்தைக் கண்ட புண்ணுக்கும் தடவாதீர்கள். அதற்கும் அடங்காத கிருமிகள் வந்துவிட்டன.