ஓடாத மைனரும் அரிசி லொறியும்

கேள்வி (களுவாஞ்சிக்குடி வாசகர்): சாவகச்சேரிப் பக்கம் ஒரு வீட்டுக் கொட்டிலில் நிற்கும் மொரிஸ் மைனர் ஒன்றை வாங்கப் பேசியிருக்கிறேன். நாலு கதவு, 1962 ஆம் ஆண்டு வண்டி. பத்து வருசத்துக்கு மேல் ஸ்டார்ட் பண்ணவில்லை. டயர் நாலிலும் காற்றில்லை. எஞ்சின் இருக்கிறது, சுற்றுமா தெரியாது. வீட்டில் வைத்து ஆறுதலாகத் திருத்த ஆசை. மட்டக்களப்பில் கார் கரியர் வைத்திருக்கும் ஒருவர் கேட்ட வாடகை, காரின் விலையில் அரைவாசிக்குக் கிட்ட வருகிறது. ஒரு நண்பர் கயிறு கட்டி இழுத்து வருவோம் என்கிறார். இன்னொருவர் அரிசி லொறியில் போட்டு வரலாம் என்கிறார். எது புத்தி?

பதில்: கயிற்றை இப்போதே மறந்துவிடுங்கள். ஊருக்குள் ஒரு கராஜிலிருந்து இன்னொரு கராஜுக்கு இழுத்த ஞாபகத்தில் உங்கள் நண்பர் சொல்கிறார். சாவகச்சேரியிலிருந்து களுவாஞ்சிக்குடிக்கு எந்த றோட்டால் வந்தாலும் முந்நூற்றைம்பது கிலோமீட்டர் அளவில் வரும். மைனர் பின்சில்லில் ஓடுகிற கார். கியரை நியூட்ரலில் விட்டாலும் பின்சில்லு சுற்றச் சுற்ற கியர் பொக்ஸுக்குள் மெயின் ஷாஃப்ட் சுற்றும். எண்ணெயை வாரி அடிக்கிற கீழ் ஷாஃப்ட்டோ எஞ்சின் ஓடினால்தான் அசையும். எண்ணெய் படாமலே சுற்றி கியர் பொக்ஸ் வழியில் முடிந்துபோகும். அதுவாவது கழற்றிச் செய்கிற வேலை. முன்சில்லைத் தாங்குகிற டிரனியன்தான் எனக்குப் பயம். மைனருக்கு அது பிறவி வருத்தம்: கிறீஸ் காணாமல் மரை தேய்ந்தால் ஓடும்போதே கழன்று, சில்லு மட்கார்ட்டுக்குள் மடிந்து விழும். போதாததற்கு, பிரேக் இல்லாத அந்தக் காருக்குள் ஒருவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இருக்கவும் வேண்டும். யாரை இருத்தப் போகிறீர்கள்?

இனி வாடகை. கரியர் மட்டக்களப்பிலிருந்து வெறும் வண்டியாகப் போய் காரோடு திரும்புகிறது. போக வர எழுநூறு கிலோமீட்டர் டீசல், டிரைவர், உதவியாள், ஓர் இரவு. ஆக, வெறும் வண்டி ஓடுகிற பாதித் தூரத்துக்கும் காசு உங்களுடையதுதான். அதனால் அவரிடம் விலையைக் குறைக்கச் சொல்லிப் பேசுவதை விட, "யாழ்ப்பாணப் பக்கம் வேறு வாகனம் இறக்கப் போகிற நாள் இருந்தால் சொல்லுங்கோ, திரும்பி வரேக்க என்ர காரை ஏத்துங்கோ" என்று கேளுங்கள். ரிட்டர்ன் ஹயர் என்றால் விலை வேறு. பத்து வருசம் நின்ற கார் இன்னும் இரண்டு கிழமை நிற்கும். நம் பக்கத்திலிருந்து அரிசி ஏற்றிக்கொண்டு வடக்கே போய் வெறுமனே திரும்புகிற லொறிக்கும் இதே கணக்குத்தான். மைனர் நீளம் 12 அடி 4 அங்குலம், அகலம் 5 அடி 1 அங்குலம், எடை முக்கால் தொன் சொச்சம். 14.5 அடி லொறியில் வசதியாக நிற்கும். 10.5 அடியில் மினக்கெட வேண்டாம்.

ஆனால் லொறி மலிவு என்று துள்ள முன் ஒன்றைக் கேளுங்கள். ஓடாத காரில் காசு கரைவது ஏற்றுகிற இடத்திலும் இறக்குகிற இடத்திலும்தான். நடுவில் கிடக்கிற முந்நூற்றைம்பது கிலோமீட்டர் சும்மா.

சில வருசங்களுக்கு முன் சிநேகிதன் ஒருவனுக்காக கொடிகாமத்திலிருந்து ஒஸ்டின் ஏ40 ஒன்றை லொறியில் கொண்டுவந்தோம். ஏற்றும்போது கவலையில்லை. பக்கத்து மில்லின் சிமெந்து மேடையோடு லொறியின் பின்பக்கத்தை ஒட்டி நிறுத்தி, ஐந்து பேர் தள்ளினோம், உள்ளே போய்விட்டது. ஆரையம்பதிக்கு வந்து சேர இரவு ஒரு மணி. இறக்குவது எப்படி என்று அதுவரை ஒருவரும் யோசிக்கவில்லை. லொறித் தட்டு மூன்றடி உயரம். டிரைவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "ஏத்திறத்துக்கு மேடை பாத்த ஆக்கள் இறக்கிறத்துக்கும் பாக்கோணும்தானே. மறுகா என்னைக் குத்தம் சொல்லப்படாது." வளவில் கிடந்த தென்னங்குத்தி இரண்டைச் சாய்த்து வைத்தோம். உருண்டை மரம், அதுவும் பனியில் நனைந்தது. முதல் சில்லு ஏறியதும் ஒன்று புரண்டது. கார் ஒருக்களித்து, லொறிக் கதவின் கொண்டி மட்கார்ட்டைக் கோழி கிளறிய மாதிரி கிழித்துவிட்டது. பிறகு விடியும்வரை இருந்து, குளக்கட்டுச் சரிவில் லொறியைப் பின்னுக்கு விட்டு, தட்டும் மண்ணும் சமமாகிற இடம் பார்த்து உருட்டினோம். அரைநாள் காத்திருப்புக் காசையும் டிங்கரிங் காசையும் கூட்டிப் பார்த்தபோது கரியருக்குக் கொடுத்திருக்கலாம் போல இருந்தது.

ஆகவே லொறி என்றால், சாவகச்சேரியில் எந்த மேடை, களுவாஞ்சிக்குடியில் எந்த மேடை என்று முதலே பார்த்து வையுங்கள். அரிசி மில், சிமெந்துக் கடை, வாய்க்கால் கட்டு, எதுவும் சரி. இரண்டில் ஒன்று இல்லையென்றால் கரியர்தான். அது தட்டைச் சரித்து வின்ச்சால் (கம்பி வடத்தைச் சுற்றி இழுக்கிற உருளை) இழுத்து ஏற்றும், அதே வின்ச்சால் இறக்கும், ஆள் பலம் தேவையில்லை. மண் வெட்டுகிற பெக்கோ மெஷினில் தொங்கவிட்டு இறக்குவோம் என்று யாராவது சொல்வார்கள். மைனருக்குத் தனிச் செசி கிடையாது, உடம்பேதான் செசி. கீழே கறள் தின்றிருந்தால் பெல்ட் போட்டுத் தூக்கும்போது நடுவில் மடியும். பிறகு கதவு பூட்டாது.

கரியரோ லொறியோ, வண்டி வருகிற நாளுக்கு முன் நீங்கள் ஒருமுறை பஸ் ஏறிப் போய் காரை உருளவைக்க வேண்டும். ஜக், பம்ப், சுத்தியல், நீண்ட ஸ்குரூ டிரைவர், துரு இளக்குகிற எண்ணெய், பழைய ரியூப் நாலு. காற்று நிற்கவில்லையென்றால் ரியூப் மாற்றுங்கள். டயர் வெடித்திருந்தால் ஊரில் மைனர் வைத்திருப்பவரிடம் நாலு சில்லை இரவல் கேளுங்கள், இரண்டு நாளுக்குக் கொடுப்பார். சில்லு சுற்றாவிட்டால் பிரேக் ஷூ டிரம்மோடு கறள் பிடித்து ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். ஹப் கப்பைக் கழற்றினால் டிரம்மில் ஓட்டை தெரியும், அதற்குள்ளால் ஸ்குரூ டிரைவரை விட்டு அட்ஜஸ்டரைத் தளர்த்தி, டிரம்மைச் சுற்றிவரத் தட்டுங்கள். ஓங்கி அடிக்காதீர்கள், அது வார்ப்பு இரும்பு. ஹேண்ட் பிரேக் கேபிளையும் தளர்த்த மறக்கக் கூடாது. மூன்று சில்லு சுற்றி ஒன்று சுற்றாமல் நிற்கும், எப்போதும் அப்படித்தான். அதற்குத்தான் ஒரு நாள் முன்னே போகச் சொல்கிறேன். டிரைவரை நிற்கவைத்துக்கொண்டு அந்த ஒன்றோடு மல்லுக்கட்டினால் மணிக்கணக்கில் காசு ஓடும். கரியர்காரரிடமும் "ஓடாது, ஆனால் நாலு சில்லும் சுற்றும், ஸ்டியரிங் திரும்பும், பிரேக் இல்லை" என்று உள்ளதைச் சொல்லுங்கள். ஓடாது என்று மட்டும் சொன்னால் ஒருவர் சில்லு சுற்றும் என்று நினைப்பார், இன்னொருவர் சில்லே இல்லை என்று நினைத்து விலை சொல்வார்.

வின்ச் கொக்கியை பம்பரிலோ ஸ்டியரிங் கம்பியிலோ மாட்ட விடாதீர்கள். முன்பக்கம் அடியில் குறுக்கே ஓடுகிற தகடு கறள் தின்னாமல் இருந்தால் அங்கே மாட்டலாம். சந்தேகமென்றால் பின் அக்சிலில் மாட்டி, காரைப் பின்பக்கமாக ஏற்றுங்கள். மைனரில் உறுதியான இடம் அதுதான். கட்டுவது சில்லைச் சுற்றி, ரட்செட் பெல்ட்டால், நாலு மூலைக்கும். நைலோன் கயிறு இழுபடும். பளையில் தேத்தண்ணிக்கு நிறுத்தி ஒருமுறை இறுக்கச் சொல்லுங்கள், முதல் இருபது கிலோமீட்டரில்தான் பெல்ட் தளரும். சில்லுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை. பொனட் பின்பக்கக் கீலில் திறப்பது, காற்று பிடித்தால் எழும்பும், அதையும் கட்டுங்கள்.

கழற்றி வைத்திருக்கிற சாமான்களை, கார்பரேட்டர், விளக்கு வளையம், கதவுக் கண்ணாடி எல்லாவற்றையும், முற்றத்தில் பரப்பி ஒரு படம் எடுத்து உங்களோடு பஸ்ஸிலே கொண்டுவாருங்கள். காருக்குள் போட்டு வந்தால் குறையும். காருக்குள் இடம் கிடந்தால் டிரைவர் இரண்டு மூடை வெங்காயத்தை ஏற்றுவார் என்பதையும் சொல்லி வைக்கிறேன். மணத்தைப் போக்க மாதக் கணக்காகும்.

வழியைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. வவுனியா, ஹொரவப்பொத்தானை, திருகோணமலை, வாகரை என்று கரையோரமாக வரலாம். கிண்ணியாத் துறையில் பாதைப் படகுக்குக் காத்துக் கிடந்த காலம் 2009 இல் பாலம் திறந்ததோடு போய்விட்டது. ஹபரணை, பொலன்னறுவை வழியென்றால் பகலில் வரச் சொல்லுங்கள், இரவில் யானை. மாரிக்காலத்தில் மகாவலி பெருகினால் மன்னம்பிட்டிப் பக்கம் றோட்டு மறிபடும். கார்த்திகை, மார்கழியில் இந்த வேலையே வேண்டாம்.

இதை முதலில் எழுதியிருக்க வேண்டும்: பத்திரம். வாடகை பேச முன் பதிவுப் புத்தகத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். பொனட்டைத் திறந்தால் எஞ்சினுக்குப் பின்னால் உள்ள சுவர்த் தகட்டில் செசி நம்பர் தட்டு இருக்கும். அதையும் எஞ்சினில் உள்ள நம்பரையும் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் எக்ஸ்ட்ராக்ட் (பதிவு விபரப் பிரதி) ஒன்றும் எடுங்கள். வடக்கில் பழைய கார் என்றால் இரண்டு சிக்கல் வழக்கம். புத்தகம் இடம்பெயர்வில் தொலைந்திருக்கும். அல்லது புத்தகத்தில் பெயருள்ளவர் கனடாவிலோ மேலுலகத்திலோ இருப்பார். கனடா என்றால் அற்றோர்னித் தத்துவம் வேண்டும். மற்றதென்றால் மரணச் சான்றிதழும் உரித்துக்காரர் எல்லாருடைய சம்மதமும். "ஓபன் பேப்பர் இருக்கு" என்பதை, அதாவது வாங்குபவர் பெயரை வெறுமையாக விட்டுக் கையெழுத்து வைத்த மாற்றப் பத்திரத்தை, நம்பிக் காரை ஏற்றிக்கொண்டு வந்தால், பிறகு உங்கள் வளவில் நிற்பது பெயர் மாற்ற முடியாத ஒரு கோழிக்கூடு. விற்றவரின் கையெழுத்துள்ள கடிதம், அடையாள அட்டைப் பிரதி, புத்தகப் பிரதி மூன்றையும் டிரைவரிடம் கொடுத்து விடுங்கள், வழியில் பொலிஸ் மறித்தால் காட்டுவதற்கு.

எஞ்சினைப் பற்றி ஒரு சொல். 90 களில் பெற்றோல் தடை இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்துக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. துளி பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கும். உங்கள் கார் அந்தக் காலத்தைக் கண்டிருந்தால் எஞ்சின் வேலைக்கும் காசு ஒதுக்கி வைத்து விலை பேசுங்கள். அந்தக் காருக்கு மரியாதை வேறு, விலை வேறு.

கேள்வி (வாழைச்சேனை வாசகர்): கொழும்பிலிருந்து லொறியில் வந்த என் பழைய காரின் பின் கண்ணாடி வழியில் உடைந்துவிட்டது. வாடகை முழுவதையும் முதலே கொடுத்துவிட்டேன். டிரைவர் "லொறிக்கு இன்சூரன்ஸ் இருக்கு, அங்க கேளுங்க" என்கிறார். கிடைக்குமா?

பதில்: பெரும்பாலும் கிடைக்காது. மூன்றாம் தரப்பு இன்சூரன்ஸ் லொறி இடித்த ஆளுக்கும் பொருளுக்கும்தான். லொறியில் ஏற்றிய சாமானுக்கு அல்ல. முழு இன்சூரன்ஸ் என்றாலும் ஏற்றுகிற பொருளுக்குத் தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். லொறி உரிமையாளரிடம் எழுத்தில் கேளுங்கள். சரிவராவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிடலாம், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தில் சேவையும் அடங்கும். தொலைபேசி 1977. முறைப்பாடு சேவை நடந்து மூன்று மாதத்துக்குள், எழுத்தில் போக வேண்டும். மத்தியஸ்த சபையும் உண்டு, செலவில்லை. ஆனால் எதற்கும் படம் வேண்டும்: ஏற்றும்போது கண்ணாடி முழுதாக இருந்த படம். அது உங்களிடம் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் கொழும்பில் விற்றவரிடம் கேளுங்கள், விளம்பரத்துக்கு எடுத்த படம் அவரிடம் இருக்கும். அடுத்த முறை வாடகையில் மூன்றில் ஒரு பங்கையாவது காரை இறக்கும்வரை கையில் வைத்திருங்கள்.

கேள்வி (அக்கரைப்பற்று வாசகர்): யாழ்ப்பாணத்திலிருந்து ஓடாத காரை ரயிலில் போடலாமா?

பதில்: காரென்றால் லொறியைப் பாருங்கள். மோட்டார் சைக்கிள் என்றால் பார்சலில் போகும். பெற்றோலை வடித்துவிட்டுக் கொடுங்கள். மாகோ சந்தியில் ரயில் மாற வேண்டியிருக்கும், அதனால் பெயரும் தொலைபேசி நம்பரும் எழுதிய அட்டையை ஹேண்டிலில் ஒன்று, சில்லில் ஒன்று என இரண்டாகக் கட்டுங்கள். மட்டக்களப்பு ஸ்டேசனில் இறக்கி, அங்கிருந்து அக்கரைப்பற்றுக்குப் பட்டா வண்டி (சின்ன லொறி) ஒன்று பிடியுங்கள்.