சாய்தளமும் சக்கர நாற்காலியும்: கேள்வி பதில்

கேள்வி: வாசலில் மூன்று படி, ஒவ்வொன்றும் 15 செ.மீ. கேட் வரை 4 மீட்டர்தான் இடம். அப்பாவின் வீல்சேருக்குச் சாய்தளம் போட முடியுமா?

பதில்: கேட்டைப் பார்த்து நேராகப் போட முடியாது. 1 செ.மீ. உயரத்துக்கு 12 செ.மீ. நீளம் என்பது கணக்கு. உங்கள் 45 செ.மீ. உயரத்துக்கு 5.4 மீட்டர் வேண்டும். கதவருகே 1.5 மீட்டர் சமதளம் விட்டால் உங்களுக்கு மிஞ்சுவது 2.5 மீட்டர். அதில் இறக்கினால் சறுக்குமரம்தான். வீட்டுச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் இறக்குங்கள், அகலம் 1.2 மீட்டர் இருக்கட்டும். கீழே திரும்பவும் 1.5 மீட்டர் சமதளம் வேண்டும்.

இடம் போதவில்லை என்றால் மேல் சமதளத்தில்தான் முதலில் கை வைப்பார்கள். விடாதீர்கள். கதவைத் திறக்க ஒரு கை போய்விடும். சரிவில் நின்றபடி மற்றொரு கையால் மட்டும் வண்டியைப் பிடித்து வைக்க முடியாது. கதவு வெளிப்பக்கம் திறப்பதென்றால் அது திரும்பும் இடத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: மேலே டைல்ஸ் ஒட்டலாமா?

பதில்: வேண்டாம். சிமென்ட் பூச்சு காய்வதற்குள் துடைப்பத்தால் குறுக்குவாட்டில் கோடு இழுத்தால் போதும். ஆழமாக வெட்டினால் சின்ன முன்சக்கரம் தடதடக்கும். சரிவு தரையைத் தொடும் இடத்தை நன்றாகப் பாருங்கள்: அங்கே ஒரு விளிம்பு நின்றாலும் முன்சக்கரம் முட்டி நின்றுவிடும், உட்கார்ந்திருப்பவர் முன்னால் விழுவார்.

கேள்வி: ஒரு பக்கம் கைப்பிடி போதுமா?

பதில்: இரண்டு பக்கமும் வைக்கவும், சுமார் 90 செ.மீ. உயரத்தில். ஒரு கை வராதவருக்கு ஏறும்போது உதவும் பக்கம் இறங்கும்போது உதவாது. திறந்த ஓரத்தில் 10 செ.மீ. தடுப்புக்கட்டை கட்டாயம்.

கேள்வி: அம்மாவை இறக்கும்போது வண்டி கையை மீறி ஓடுகிறது.

பதில்: ஏறுவதைவிட இறங்குவதில்தான் கவனம் வேண்டும். வண்டியைத் திருப்பி, பின்பக்கமாக இறக்குங்கள். நீங்கள் கீழ்ப்பக்கம் நின்று, தோளுக்கு மேல் பின்னால் பார்த்தபடி சின்னச் சின்ன அடியாக வையுங்கள். எடை உங்கள் உடம்பில் சாயும், அம்மாவும் இருக்கையில் அழுந்தி உட்கார்ந்திருப்பார். இடுப்புப் பட்டை போட்டிருக்கட்டும். குறுக்காக இறக்கவே கூடாது, பக்கவாட்டில் கவிழும். ஏற்றும்போது வண்டியின் கைப்பிடியில் பை தொங்கினால் எடுத்துவிடுங்கள்; பின்னால் சாய்க்க அந்த எடையே போதும்.

கேள்வி: மடக்கு அலுமினியச் சாய்தளத்தில் பேட்டரி வண்டி ஏறினால் பலகை பின்னால் நகர்கிறது.

பதில்: ஓட்டும் சக்கரம் பலகையைப் பின்னால் தள்ளுகிறது. பலகையின் மேல் உதட்டில், அதாவது படிமேல் படியும் விளிம்பில், முளை அல்லது சங்கிலி மாட்டும் துளை இருக்கும். அதைப் படியோடு பூட்டுங்கள். உதடு முழுதாகப் படியில் படிய வேண்டும். பலகை தாங்கும் எடையைப் பார்க்கும்போது ஆளோடு வண்டியையும் சேருங்கள், பேட்டரி வண்டி மட்டுமே 100 கிலோவைத் தாண்டலாம். தள்ளுவதற்காக மோட்டாரைக் கழற்றிவிடும் நெம்புகோலைச் சரிவில் தொடவே கூடாது: அதோடு பிரேக்கும் போய்விடும்.