இந்தியாவுக்கு தேசியப் பண்பாட்டுக் கொள்கை இருக்கிறதா, கலை படிக்க அரசு உதவுகிறதா?

கொள்கை என்று ஒரே ஆவணமாகக் கேட்டால், இல்லை. வரைவுகள் பேசப்பட்டன, அதோடு சரி. 1953இல் சங்கீத நாடக அகாடமி, அடுத்த வருஷமே சாகித்திய அகாடமியும் ஓவியம், சிற்பம் போன்ற நுண்கலைகளுக்கான லலித் கலா அகாடமியும், 1959இல் தேசிய நாடகப் பள்ளி என்று அமைப்புகளாகத்தான் கட்டிக்கொண்டு போனார்கள். விருது கொடுப்பதில் காட்டிய அக்கறையைச் சொல்லிக்கொடுப்பதில் காட்டவில்லை என்பது என் அபிப்பிராயம்.

கலை கற்கும் சிறுவர்களுக்கு மத்திய அரசு தருவதில் முக்கியமானது சிசிஆர்டி, அதாவது பண்பாட்டு வளங்கள், பயிற்சி மையம், தரும் உதவித்தொகை. 10 முதல் 14 வயதுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பரம்பரையாகக் கலை செய்யும் குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடும் உண்டு. இது பல பெற்றோருக்குத் தெரிவதே இல்லை.

ஆனால் நிஜமான வேலை மாநிலங்களில்தான் நடக்கிறது. தமிழ்நாட்டின் மாவட்ட அரசு இசைப்பள்ளிகளையே எடுத்துக்கொள்ளுங்கள்: குரலிசை, வயலின், மிருதங்கம், பரதநாட்டியம், நாதசுரம், தவில், தேவாரம், எல்லாம் மூன்று வருஷப் படிப்பு. இதில் நாதசுரம், தவில், தேவாரம் சேர தமிழில் எழுதப் படிக்கத் தெரிந்தாலே போதும், மற்றதற்குத்தான் பள்ளித் தேர்ச்சி கேட்பார்கள். பாதியில் பள்ளியை விட்ட பையனும் தவிலைத் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே வரலாம் என்கிற அந்த ஒரு விதி, எந்த வரைவு அறிக்கையை விடவும் பெரிய காரியம் செய்கிறது. அப்புறம் மேலே படிக்க சென்னை, மதுரை, கோவை, திருவையாறில் அரசு இசைக் கல்லூரிகள் இருக்கின்றன. சிற்பம் என்றால் மாமல்லபுரம்.

குறை எங்கே என்றால், சாதாரணப் பள்ளியில். அங்கே பாட்டு வகுப்பு நேரத்தைக் கணக்கு வாத்தியார் கேட்டு வாங்கிக்கொள்வது இன்றும் சகஜம்.