மியூனிக்கிலிருந்து ஒரே நாளில் போய்வர, ஆல்ப்ஸ் பக்கம் எந்தச் சின்ன ஊர் நல்லது?

கேள்வியின் கீழே கொடுத்திருக்கும் விவரத்தையும் படித்தேன். அம்மா அப்பா ஊரிலிருந்து வருகிறார்கள், கார் கிடையாது, அப்பாவுக்கு முழங்கால் வலி, இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்ப வேண்டும், கார்மிஷா ஃபூசனா என்று குழப்பம்.

என்னைக் கேட்டால் இரண்டும் வேண்டாம், மிட்டன்வால்ட் போங்கள்.

ஆல்ப்ஸுக்குப் போகிற பலரும் மலையை நம்பியே ஊரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மலையோ நம் சொல் பேச்சு கேட்காது. மேகம் இறங்கிவிட்டால் மூவாயிரம் மீட்டர் சிகரமும் ஒன்றுதான், எதிர்வீட்டு மொட்டைமாடிச் சுவரும் ஒன்றுதான். அதனால் வயதானவர்களைக் கூட்டிப்போகும்போது நான் பார்ப்பது இரண்டே விஷயம். ஸ்டேஷனில் இறங்கி நடந்தே ஊருக்குள் போய்விட முடியுமா? மலை தெரியாத நாளிலும் அந்த ஊரில் பார்க்க ஏதாவது இருக்கிறதா?

ஃபூசன் அழகான ஊர்தான். ஆனால் அங்கே போகிறவர்கள் ஊரைப் பார்ப்பதில்லை, நோய்ஷ்வான்ஸ்டைன் கோட்டையைப் பார்க்க ஓடுகிறார்கள். கோட்டை ஊருக்குள் இல்லை. ஸ்டேஷனிலிருந்து பஸ், அப்புறம் மலையேற்றம். குதிரை வண்டியில் போனாலும் கடைசி ஏற்றத்தை நடந்துதான் கடக்க வேண்டும். டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்குள் வாசலுக்குப் போய்ச் சேராவிட்டால் போச்சு. முழங்கால் வலிக்காரரை வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி மலையேறுவது யாருக்கும் சுகமில்லை.

கார்மிஷ் பார்ட்டன்கிர்ஷன் சின்ன ஊரே இல்லை. 1936 குளிர்கால ஒலிம்பிக்கை முன்னிட்டு இரண்டு ஊர்களை ஒன்றாகச் சேர்த்தது அது, பரந்து கிடக்கும். ஜெர்மனியின் மிக உயரமான சுக்ஷ்பிட்சே சிகரத்துக்கு (2,962 மீட்டர்) போவதானால் அங்கே இறங்குங்கள். ஆனால் அது ஒரு நாளையும் பர்ஸையும் முழுசாக விழுங்கும் பயணம். பெர்ஷ்டஸ்காடன் பற்றிக் கேட்கவே வேண்டாம். ரயில் மாறி, பஸ் ஏறி, கோனிக்ஸே ஏரியில் படகுக்கு வரிசையில் நிற்பதற்குள் மதியம் ஆகிவிடும். ஒரு ராத்திரி தங்க முடிந்தால் போங்கள்.

சரி, மிட்டன்வால்ட். ஆஸ்திரிய எல்லைக்குச் சற்று முன்னால், ஈசார் ஆற்றங்கரையில், ஏறக்குறைய 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சில ஆயிரம் பேர் வசிக்கும் ஊர். ரயிலை விட்டு இறங்கினாலே கார்வெண்டல் மலை ஊரின் முதுகில் செங்குத்தாக எழுந்து நிற்பது தெரியும், அதற்காக எங்கும் அலைய வேண்டியதில்லை. கடைத்தெருவுக்கு நடந்தால் பத்து நிமிடத்துக்குள்தான், ஏற்றமும் கிடையாது.

அந்தத் தெருவில் வீட்டுச் சுவரெல்லாம் ஓவியம். ஈரச் சுண்ணாம்புப் பூச்சின் மேல் 18-ஆம் நூற்றாண்டில் வரைய ஆரம்பித்தவை. மாதா, புனிதர்கள், பைபிள் காட்சிகள் என்று இருக்கும். எனக்குப் பிடித்தது அவையல்ல, ஜன்னலைச் சுற்றி வரைந்திருக்கும் தூண்களும் வளைவுகளும். தள்ளி நின்று பார்த்தால் கல்லில் செதுக்கியது போல நிழலோடு புடைத்துத் தெரியும். கிட்டப் போனால் வெறும் தட்டைச் சுவர். கல்தச்சனுக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்கள் ஓவியனைக் கூப்பிட்டுக் காரியத்தை முடித்துக்கொண்டார்கள் என்று எனக்குத் தோன்றும். ஊர்த் தேவாலயத்தின் கோபுரத்தைக்கூட விட்டுவைக்கவில்லை, உச்சி வரைக்கும் வண்ணம்தான்.

அடுத்தது வயலின். 1487-ல் வெனிஸ் வியாபாரிகள் போல்சானோவில் நடத்திவந்த சந்தையை இங்கே மாற்றிக்கொண்டார்கள். இருநூறு வருடம் ஊர் கொழித்தது. 1679-ல் சந்தை திரும்பப் போய்விட, பிழைப்பு ஆட்டம் கண்டது. அந்தக் காலத்தில்தான் இத்தாலியின் பதுவாவில் தொழில் கற்ற மத்தியாஸ் க்ளோட்ஸ் (1653–1743) ஊர் திரும்பி வயலின் செய்ய உட்கார்ந்தார். மலையில் வயலினுக்கு ஏற்ற ஸ்ப்ரூஸ், மேப்பிள் மரங்கள் தாராளம். கொஞ்சம் கொஞ்சமாக ஊரே அந்தத் தொழிலுக்கு வந்துவிட்டது. 19-ஆம் நூற்றாண்டில் கழுத்து ஒரு வீட்டில், உடல் இன்னொரு வீட்டில் என்று பிரித்துச் செய்து, மொத்த வியாபாரிகள் வழியாக வெளிநாடுகளுக்கு அனுப்பினார்கள். 1858-ல் தொடங்கிய வயலின் செய்யும் பள்ளி இன்றும் நடக்கிறது. அந்தத் தேவாலயத்துக்குப் பக்கத்திலேயே வேலை செய்கிற நிலையில் க்ளோட்ஸின் சிலை இருக்கிறது.

மழை நாளில் உங்களைக் காப்பாற்றப் போவது வயலின் மியூசியம்தான். சின்ன இடம், ஒரு மணி நேரம் போதும். அங்கே வயலினைவிடக் கருவிகளைக் கவனியுங்கள். கட்டைவிரல் அளவுக்கு ஒரு இழைப்புளி உண்டு. வயலினின் வயிற்றுப் பலகையை மேடும் பள்ளமுமாகச் சீவி எடுக்க அந்த அளவுதான் தோதுப்படும். அம்மா கச்சேரி கேட்கிறவர் என்றால் இந்த இடத்தை விட்டு நகர மாட்டார், நீங்கள்தான் கிளப்ப வேண்டியிருக்கும்.

வானம் தெளிவாக இருந்தால் கேபிள் கார். ஸ்டேஷனிலிருந்து அதற்கும் நடந்தே போய்விடலாம். வீட்டில் கிளம்புவதற்கு முன் மேலே இருக்கும் வெப்கேமராவை ஒரு தடவை பார்த்துவிடுங்கள், டிக்கெட் மலிவில்லை. பத்து நிமிடத்தில் 2,244 மீட்டருக்குக் கொண்டுபோய் விடும். ஏறக்குறைய ஊட்டி உயரம்தான், தொட்டபெட்டா இதைவிட உயரம். ஆனால் ஊட்டி ஸ்வெட்டரை நம்பி அப்பாவை அழைத்துப் போகாதீர்கள். ஜூனில்கூட அங்கே பனி கிடக்கும். மேலே ராட்சதத் தொலைநோக்கிபோல ஒரு கட்டடம் மலை விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் கண்ணாடி வழியே கீழே ஊர் தெரியும். சுற்றுப்பாதை கல்லும் முள்ளுமாக இருக்கும், அப்பா உட்கார்ந்து காபி குடிக்கட்டும். கோடையில் மதியத்துக்கு மேல் இடி மழை சகஜம் என்பதால் முதலில் மலை, பிறகு தெரு, அப்புறம் மியூசியம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஊருக்கு மேலே லவுட்டர் என்று ஒரு ஏரி இருக்கிறது. அருவி வழியாக ஏறும் பாதை அருமை, ஆனால் முழங்காலுக்கு ஆகாது. கோடையில் பஸ் உண்டு. எல்லையில் இருக்கும் லொய்ட்டாஷ் மலையிடுக்கை நண்பர்களோடு போகும்போது வைத்துக்கொள்ளுங்கள். கம்பி வலைத் தரையில் நடக்கும்போது கால்களுக்குக் கீழே அதலபாதாளம் தெரியும், என் மாமியார் பாதியில் திரும்பிவிட்டார்.

சாப்பாட்டை இரண்டு மணிக்குள் முடித்துவிடுங்கள், பல உணவகங்களில் அதற்குமேல் சமையலறையை மூடிவிடுவார்கள். சைவம் என்றால் வறுத்த வெங்காயம் தூவிய கேஸ்ஷ்பேட்ஸ்லே கிடைக்கும், கனமான சீஸ் ஐட்டம். பெற்றோருக்கு அது ஒத்துவராது என்றால் கூச்சப்படாமல் புளியோதரை கட்டிக்கொண்டு போங்கள். ஞாயிற்றுக்கிழமை சூப்பர் மார்க்கெட்டும் மூடியிருக்கும்.

மியூனிக் ஹவுப்ட்பான்ஹோஃபிலிருந்து (மத்திய ரயில் நிலையம்) நேரடி ரயில், இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. கார்மிஷ் பக்கம் போகிற வண்டிகள் வழக்கமாகப் பக்கவாட்டுப் பகுதியில், 27-க்கு மேற்பட்ட பிளாட்பாரங்களில் நிற்கும். பிரதான மண்டபத்திலிருந்து நல்ல நடை, அப்பாவுக்காகப் பத்து நிமிடம் முன்னதாகவே போங்கள். சில வண்டிகள் வழியில் இரண்டாகப் பிரியும் என்பதால் பெட்டியில் மிட்டன்வால்ட் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து ஏறுங்கள். ஸ்டார்ன்பெர்க் ஏரி இடது பக்கம் வரும். உங்களிடம் டொய்ச்லாண்ட் டிக்கெட் (நாடு முழுக்கச் செல்லும் மாதச் சந்தா) இருந்தால் பெற்றோருக்கு மட்டும் பயர்ன் டிக்கெட் (பவேரியா மாநிலத்துக்கான ஒருநாள் டிக்கெட்) எடுத்தால் போதும். வார நாளில் அது காலை 9 மணிக்குப் பிறகுதான் செல்லும், சனி ஞாயிறில் அந்தத் தொல்லை இல்லை. எல்லைப் பக்க ரயில்களில் போலீஸ் சோதனை வருவதுண்டு, இருவரின் பாஸ்போர்ட்டும் பையில் இருக்கட்டும்.

போகிற தேதியை மட்டும் பார்த்துக் குறியுங்கள். திங்கட்கிழமை மியூசியம் பூட்டியிருக்கும். வசந்தத்திலும் நவம்பர் வாக்கிலும் கேபிள் காரைப் பராமரிப்புக்காகச் சில வாரங்கள் நிறுத்துவார்கள், தேதி அவர்களுடைய இணையதளத்தில் இருக்கும்.