மட்டையைப் போட்டுவிட்டு ஓடு! சிறுவர் பேஸ்பால் கிளப்: கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் பதினோரு வருடமாகச் சிறுவர் பேஸ்பால் கிளப் நடத்திவருகிறேன். சம்பளம் கிடையாது, வீட்டில் வசவு உண்டு. புது சீசன் தொடங்கப்போகிறது. தாங்களும் ஒரு கிளப் தொடங்கலாமா என்று அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் சிலர் கேட்டு எழுதியிருந்தார்கள். தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

பீனிக்ஸிலிருந்து ஓர் அப்பா: அங்கிள், நம் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் இருக்கிறது, ஃபுட்பால் இருக்கிறது. பேஸ்பால் எதற்கு?

கிரிக்கெட்டில் முதல் பந்திலேயே அவுட்டான பையன் அந்த இன்னிங்ஸ் முழுக்க மரத்தடியில் உட்கார்ந்திருக்க வேண்டும். இதில் அவனுடைய முறை திரும்பவும் வரும். பத்து முறையில் ஏழு முறை அடிக்க முடியாமல் போனாலும் அவன் நல்ல ஆட்டக்காரன்தான். தோற்றுவிட்டு மறுபடியும் போய் நிற்பது இந்த ஆட்டத்தில் வழக்கமாகவே ஆகிவிடுகிறது. வீட்டில் எத்தனை புத்தி சொன்னாலும் அது வராது.

நம் நாட்டில் இது எடுபடாது என்று நினைக்காதீர்கள். கிஃப்ட் ங்கோபே என்ற பையனின் அம்மா ராண்ட்பர்க்கில் ஒரு பேஸ்பால் கிளப்பில் வேலை செய்தவர். பையன் அங்கேயே வளர்ந்தான். 2017 ஏப்ரல் 26 அன்று பிட்ஸ்பர்க் அணிக்காக, அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் போட்டியான மேஜர் லீகில் இறங்கினான். ஆப்பிரிக்காவில் பிறந்த எவரும் அதற்கு முன் அங்கே ஆடியதில்லை. முதல் முறை மட்டை பிடித்தபோதே ஒரு ஹிட், அதாவது அடித்துவிட்டு அவுட்டாகாமல் ஓடிச் சேர்ந்துவிட்டான். எங்கள் பிள்ளைகளுக்கு இந்தக் கதை மனப்பாடம்.

வெருலத்திலிருந்து: கையில் பணமில்லை. எப்படித் தொடங்குவது?

பேஸ்பாலின் எளிய வடிவமான பேஸ்பால்5-இல் தொடங்குங்கள். மட்டை வேண்டாம், கிளவ் வேண்டாம். ஒரு ரப்பர் பந்து, பக்கத்துக்கு ஐந்து பேர், ஓடித் தொட வேண்டிய பேஸ்கள், பேஸுக்கு பேஸ் 13 மீட்டர். பந்தைக் கையாலேயே அடித்துவிட்டு ஓட வேண்டும். கோயில் வளாகத்தில் கார் நிறுத்துமிடம் காலியாக இருந்தால் அதுவே போதும். நாங்களும் முதல் வருடம் இதுபோலக் கையால் அடித்துத்தான் ஆடினோம்.

அப்புறம் கிளவ் வாங்கும்போது, வலது கைக்காரப் பிள்ளைக்கு இடது கையில் போடும் கிளவ் வேண்டும். அவசரத்தில் மாற்றி வாங்கி வந்தவர்களில் நானும் ஒருவன். டர்பன் ஈரக்காற்றில் தோல் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். கிளவ்வைப் பைக்குள் போட்டு மூடி வைக்காதீர்கள். துடைத்து, உள்ளே ஒரு பந்தை வைத்து, ரப்பர் பேண்டால் கட்டி, காற்றுப்படும் இடத்தில் வையுங்கள். ஹெல்மெட்டில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. மட்டை பிடிப்பவன் தலையிலும், ஓடுவதற்காகப் பேஸில் நிற்பவன் தலையிலும் அது இருந்தே ஆக வேண்டும்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தம்பி: கிரிக்கெட் ஆடிப் பழகியவனுக்கு எது சிரமம் அண்ணே?

மட்டை! அடித்ததும் மட்டையைத் தூக்கிக்கொண்டே ஓடுவான். போட்டுவிட்டு ஓட வேண்டும். வீசி எறியவும் கூடாது, பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சர் இருக்கிறான். இன்னொன்று, கிரிக்கெட்டில் ஓடுவதும் ஓடாததும் உன் இஷ்டம். இங்கே பந்து கோட்டுக்குள் விழுந்துவிட்டால் ஓடியே தீர வேண்டும். அடித்துவிட்டு நின்று ரசிக்கும் பிள்ளைகளை முதல் மாதம் முழுக்கக் கத்தித் துரத்த வேண்டியிருக்கும்.

மெரிபேங்கிலிருந்து ஓர் அம்மா: என் மகன்தான் பிட்சர். எவ்வளவு எறியலாம்?

இதைக் கேட்டதற்கு நன்றி அம்மா, ஏனென்றால் இதில் நான் தப்பு செய்தவன். சில வருடங்களுக்கு முன் ஓர் அரையிறுதி. பையனுக்குப் பன்னிரண்டு வயது, அருமையான கை. எத்தனை பந்து எறிந்தான் என்று நான் எண்ணவே இல்லை. ஜெயித்தோம். மறுநாள் காலையில் அவனால் சட்டைக்குள் கையை நுழைக்க முடியவில்லை. மூன்று மாதம் பந்தைத் தொடக் கூடாது என்றார் டாக்டர். அவன் அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அமெரிக்க மேஜர் லீகின் 'பிட்ச் ஸ்மார்ட்' வழிகாட்டுதல்படி, ஒரு நாளைக்கு 9-10 வயதுக்கு 75 பந்து, 11-12 வயதுக்கு 85. அந்த வயதில் 66-ஐத் தொட்டாலே நான்கு நாள் ஓய்வு. பிட்சராக எறிந்த பிள்ளையை அன்றே கேட்சராகவும் நிறுத்தாதீர்கள்.

எங்கள் கிளப்பில் எண்ணுவது ஓர் ஆயா. பேரனைப் பார்க்க வந்தவர், இப்போது பேரன் வராவிட்டாலும் வருகிறார். மடியில் இரண்டு டின், ஒன்றில் 85 புளியங்கொட்டை. ஒரு பந்துக்கு ஒரு கொட்டை அடுத்த டின்னுக்குப் போகும். டின் காலியானால் "போதும், இறக்கு" என்பார். அதற்கு மேல் கோச்சுக்கும் பேச்சில்லை.

டோங்காட்டிலிருந்து: என் பிள்ளையை உட்கார வைத்தே அனுப்புகிறார்கள். கேட்கலாமா?

கேளுங்கள். எங்களிடம் வந்த பிள்ளைகள் பதின்மூன்று பேர் என்றால் பதின்மூன்று பேரும் வரிசையில் மட்டை பிடிப்பார்கள். இதனால் சில ஆட்டம் தோற்றிருக்கிறோம். சரி, என்ன இப்போது? அடிக்கத் தெரியாத பிள்ளை அடுத்த சனிக்கிழமை திரும்பி வருகிறதா என்பதைத்தான் நான் பார்க்கிறேன்.

பெயர் போட வேண்டாம் என்றவர்: வேலிக்கு வெளியே நின்று அம்பயரைத் திட்டும் அப்பாக்களை என்ன செய்வது?

ஸ்கோர் புத்தகத்தைக் கையில் கொடுத்துவிடுங்கள். எங்களிடம் அப்படி ஒருவர் இருந்தார், தொண்டை லவுட்ஸ்பீக்கர். "எழுத ஆளில்லை, நீங்கள்தான் உதவ வேண்டும்" என்று உட்கார வைத்தேன். மூன்றாவது இன்னிங்ஸில் உருண்டு வந்த பந்து, இரண்டாவது மூன்றாவது பேஸுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப்பின் கால் இடுக்கில் போயிற்று. ஷார்ட்ஸ்டாப் அவர் மகன். பென்சில் அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். மெல்ல 'ஈ6' என்று எழுதினார். 'ஈ' என்றால் பிழை, 6 ஷார்ட்ஸ்டாப்பின் எண். அடுத்த வாரம் சொந்தமாகப் பென்சிலும் ரப்பரும் கொண்டுவந்தார்.

நிதி திரட்ட?

பிரியாணி டிக்கெட்தான், வேறென்ன. ஆனால் சீசன் தொடங்கும்போது புரட்டாசி வந்துவிடும். கோழி பிரியாணி போட்டால் அண்டா அப்படியே இருக்கும், பட்டுத் தெரிந்துகொண்டேன். அந்த மாதம் பீன்ஸ் பிரியாணி. வரவு செலவை ஒரு தாளில் எழுதி எல்லாரும் பார்க்கும்படி ஒட்டிவிடுங்கள்.

கோச்சாக யாரைச் சேர்ப்பது?

ஆட்டம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கற்றுக்கொள்வார். ஆனால் தேசியக் குழந்தைகள் பாதுகாப்புப் பதிவேட்டின் 'பி' பகுதியில், அதாவது பிள்ளைகளோடு வேலை செய்யத் தகாதவர்கள் பட்டியலில், பெயர் இல்லை என்ற சான்று இல்லாமல் யாரையும் பிள்ளைகள் பக்கம் விடாதீர்கள். சொந்த மச்சானாக இருந்தாலும் அப்படித்தான். ஒரு பிள்ளையைத் தனியாகக் காரில் ஏற்றுவதும் கிடையாது.

பீனிக்ஸிலிருந்து இன்னொருவர்: தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டுமா?

தெருவில் யார் இருக்கிறார்களோ அவர்களுக்கு. பாதிப் பேர் ஜூலுப் பிள்ளைகள். பேஸில் நிற்பவனைப் பார்த்து அவர்கள் "ஓடு, ஓடு!" என்று கத்துகிறார்கள், நம் பிள்ளைகள் அதையே ஜூலுவில் "கிஜிமா!" என்கிறார்கள். எதிரணிக்கு இரண்டும் புரிவதில்லை. அது எங்களுக்கு வசதி.

மழை வந்தால்?

தூறலில் ஆடலாம். இடிச் சத்தம் கேட்டால் எல்லாரும் உள்ளே. கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் பொறுங்கள். ஸ்கோர் புத்தகத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பை வாங்குங்கள். எங்கள் முதல் வருடத்துப் புத்தகத்தில் இப்போது நீல மைக் கறைதான் இருக்கிறது.